படிவத்தில் இல்லாத கேள்வி

சர்ர்ர். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்கும்போது வருகிற சத்தம். வேறொன்றுமில்லை.

போன வாரம் தங்கை மகளின் காரில் ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டை இழுத்த கை, மார்பைத் தாண்டியதும் நிற்காமல் அடிவரை இழுத்துக்கொண்டே போனது. அடியில் தைத்திருக்கும் வெள்ளைத் துணிச்சீட்டில் கண் தானாகவே ஆண்டைத் தேடியது. "மாமா, இது புதுக் காடி! கடையிலேருந்து நேரா எடுத்தது. இதையும் செக் பண்ணணுமா?" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தத்துக்குள் சிடாம் கிரித் தோட்டத்தின் ஒரு மத்தியானம் சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் வந்துவிடும். விட்டால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

பழைய காடிகளைப் பார்த்துச் சொல்லும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, இருபத்தாறு வருடம் நான் அடுத்தவர் வாங்கப்போகும் காடிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன். கூலிமில், பீடோங்கில், சுங்கை பட்டாணியில், தோட்டத்துச் செம்மண்ணில், தாமான் குடியிருப்பு வீடுகளின் கார் நிறுத்தங்களில். முழங்கால் போய்விட்டது, அதனால் நிறுத்திவிட்டேன் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். முழங்கால் போனது உண்மைதான்.

எதைத் தட்டிப் பார்ப்பது, எதை முகர்ந்து பார்ப்பது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. உங்கள் கைப்பேசியில் எண்ணைத் தட்டினால் காடியின் ஜாதகமே வந்து விழுகிறது. எத்தனை கை மாறியது, எப்போது இடித்தது, எப்போது வெள்ளத்தில் நின்றது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. நீங்கள் டிக் போட்டுவிடலாம். நான் பேச வந்தது கட்டம் இல்லாத ஒரு கேள்வியைப் பற்றி.

நம் ஆட்களிடம் இந்தக் கேள்வி கடைசியில்தான் வரும். இஞ்சின் பார்த்தாயிற்று, டயர் பார்த்தாயிற்று, கணவன் கூரையைத் தட்டி 'சரிதான்' என்று தலையாட்டியாயிற்று. அப்போது மனைவியோ அம்மாவோ, பெரும்பாலும் ஒரு பெண், நம் பக்கமாக இரண்டடி வைத்து வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பாள்.

"இதுல உயிர் ஏதும் போயிருக்கா?"

எந்தப் படிவமும் அதைக் கேட்பதில்லை. ஆனால் அவளுக்கு மற்ற பதில்களெல்லாம் இந்த ஒன்றுக்குப் பிறகுதான்.

என் முதல் சறுக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சறுக்கல்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கூலிமில் ஓர் ஆசிரியரின் மனைவி காரை விற்க வைத்திருந்தார். அப்பழுக்கு இல்லாத காடி. கீறல் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. ஆசிரியர் அதில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். பள்ளி வாசலில் காடியை நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறார். மாரடைப்பு. வாங்க வந்த அம்மாள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்கு விஷயம் தெரிந்திருந்தது, சொன்னேன். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். பேச்சு பரவியது. அடுத்து வந்தவர்கள் வாசலிலேயே கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். காடி மாமரத்தடியில் நின்றது. பூனை உள்ளே குட்டி போட்டது. டயர்கள் மண்ணில் அமிழ்ந்தன. கடைசியில் பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு அந்தப் பக்கம் போன என்னை ஆசிரியரின் மனைவி கூப்பிட்டு நிறுத்தினார்.

"தம்பி, அவரு காடிக்கு ஒன்னும் ஆவல. உங்க வாயிலதான் என்னமோ கோளாறு. அதக் கொஞ்சம் பாத்து ரிப்பேர் பண்ணுங்க."

ரிப்பேர் பண்ணினேன். அதுதான் இந்தக் கதை.

லெட்சுமியைக் கூலிம் தொழிற்சாலை ஒன்றின் சீருடையில்தான் முதலில் பார்த்தேன். பீடோங்கில் நான் தேத்தண்ணி குடிக்கும் கடைக்கு எதிரே கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதிலிருந்து இறங்கி நேராக என் மேசைக்கு வந்தாள்.

"காடி பாத்துச் சொல்ற அண்ணன் நீங்கதானே? எனக்கு ஒன்னு பாக்கணும். அழகா இருக்க வேணாம். நடுரோட்டுல நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

அவள் கணவன் மாரியப்பன் லாரி ஓட்டியவன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் சுங்கை பட்டாணிக்குப் போய் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். பஸ் நேரத்துக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவான். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது தலை சுற்றும். ஒரு தடவை சாலையில் சரிந்து விழுந்திருக்கிறான். அதற்குப் பிறகு ஓட்டுகிறவரின் இடுப்போடு சேர்த்து ஒரு துண்டால் கட்டி அனுப்புகிறாள். "மூட்டை கட்டற மாதிரிண்ணே," என்றாள். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தாள். லைசென்ஸ் எடுத்துவிட்டாள். காடி ஒன்றுதான் பாக்கி.

சிடாம் கிரிப் பக்கம் தோட்டத்தில் ஒரு பெரியவர் விற்பதாகச் சொன்னார்கள். மூவரும் என் காடியில் போனோம். முன்சீட்டில் மாரியப்பன். உடம்பு வற்றிப் போயிருந்தது, வாய் மட்டும் வற்றவில்லை.

"அண்ணே, போற வழியில எனக்கும் ஒரு செக்கிங் போட்டுடுங்களேன்."

"உனக்கென்னப்பா?"

"பில்டர் ரெண்டும் அடைச்சிப் போச்சு. வாரத்துக்கு மூணு தடவ ஆயில் மாத்துறாங்க. இந்தம்மா இன்னும் என்னை வித்துடாம வெச்சிருக்கு."

"வாங்க ஆளு வந்தா குடுத்துடுவேன்," என்றாள் லெட்சுமி பின்னாலிருந்து. "கெரான் எம்பேர்லதான் இருக்கு." கெரான் என்பது காடியின் உரிமைப் பத்திரம். மாரியப்பன் சிரித்துச் சிரித்து இருமினான்.

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரே மாதிரி, ஒரே மாதிரி வந்துகொண்டே இருந்தன. அந்தச் சாலையில் போகும்போது எந்த இடத்தைக் கடந்தோம் என்பது யாருக்கும் தெரியாது.

காடி வீட்டு வாசலில் நின்றது. சாம்பல் நிறச் சின்னக் கார், நன்றாகக் கழுவியிருந்தார்கள். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்மூடியைத் திறக்கச் சொன்னேன். நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பத்திரம் அவர் பெயரில், ஆனால் காடி அவர் கையில் பழகியதில்லை.

"யாருய்யா ஓட்டுனது?"

"மவன். இப்ப சிங்கப்பூர்ல வேலயா இருக்கான். இங்க சும்மாதான நிக்குது, அதான்."

அதை அவர் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. லெட்சுமிக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல.

நான் வேலையைத் தொடங்கினேன். முன்பக்கம் இடித்திருந்தது, மறைக்க முடியாதபடி தெரிந்தது. வலது முன்பக்கம் மறுசாயம். முன்கண்ணாடி காடியைவிட வயதில் இளையது. ஓட்டுநர் பெல்ட்டை இழுத்தேன். சர்ர்ர். துணிச்சீட்டில் இருந்த ஆண்டும் காடியின் ஆண்டும் ஒன்றல்ல. காற்றுப்பை வெடித்து, பெல்ட்டோடு சேர்த்து மாற்றியிருக்கிறார்கள். அடியில் படுத்துப் பார்த்தேன். காடியின் அடிச்சட்டம் நேராக இருந்தது. பட்டறைக்காரன் யாரென்று தெரியவில்லை, கை சுத்தம். பிரேக் பிடித்தது, ஸ்டீயரிங் இழுக்கவில்லை. ஏழெட்டு வருடம் தாராளமாக ஓடும். லெட்சுமி கேட்டாளே, நடுரோட்டில் நிற்காத காடி, அதுதான் இது.

"என்னாண்ணே, காடி பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா? பெல்ட்ட இழுத்து இழுத்து விடுறீங்க?" என்றான் மாரியப்பன், மரநிழலில் குந்தியபடி.

"இடிச்சிருக்காங்கப்பா. ஆனா நல்லா செஞ்சிருக்காங்க."

"இடிக்காத காடி எங்கண்ணே இருக்கு? லாரியில நான் இடிக்காததா?"

எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் கேட்டு வீட்டு வாசல்படிக்குப் போனேன். பெரியவரின் மனைவி உள்ளேயிருந்து சொம்பை நீட்டினாள். படியைத் தாண்டவில்லை, வெளியே பார்க்கவும் இல்லை. காடி நிற்கும் பக்கத்துக்குத் தோளைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் தோளுக்கு மேலே, உள்சுவரில், ஒரு பையனின் படம். நெற்றியில் குங்குமம் வைத்திருந்தது. பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது. பக்கத்தில் சின்ன மின்விளக்கு, பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

தண்ணீரைக் குடித்து முடித்தேனா என்பது நினைவில்லை. திரும்பினால் பின்னால் பெரியவர் நிற்கிறார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி," என்றார். குரல் இல்லை, காற்றுதான் வந்தது. "பெல்ட்ட மட்டும் போட்டிருந்தான்னா..." அத்தோடு நின்றார். பிறகு, "சொல்லிடாதீங்க. கேட்டா யாரும் எடுக்க மாட்டாங்க. பட்டறைலேருந்து வந்து அஞ்சு மாசமா இங்கதான் நிக்குது. காலையில எந்திரிச்சிக் கதவத் தொறந்தா அதான் நிக்குது. அவ சோறு திங்கறதில்ல தம்பி. நான் ஓட்டிக்கிட்டுப் போய் எங்கயாவது விட்டுறலாம்னா, எனக்கு ஓட்டத் தெரியாது."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் முன்னால் இரண்டு வீடு. ஒரு வீட்டுக்கு இந்தக் காடி வாசலை விட்டுப் போனால்தான் சோறு இறங்கும். இன்னொரு வீட்டுக்கு இந்தக் காடி வாசலுக்கு வந்தால்தான் ஆள் பிழைப்பான். நடுவில் ஒரு நல்ல காடி. ஒரு குற்றமும் செய்யாத காடி. எனக்குக் கூலிமின் மாமரத்தடி ஞாபகம் வந்தது. பூனைக்குட்டிகள் ஞாபகம் வந்தன. என் வாயிலதான் கோளாறு. ரிப்பேர் பண்ணு, ரிப்பேர் பண்ணு.

லெட்சுமி என் பக்கமாக இரண்டடி வைத்து வந்தாள்.

"அண்ணே. எல்லாம் சரி. ஒன்னே ஒன்னு. இதுல உயிர் ஏதும் போயிருக்கா?"

பெரியவர் பத்தடி தள்ளித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செம்பனை ஓலை ஒன்று எங்கோ முறிந்து விழுந்தது. நான் கையிலிருந்த கறுப்பைத் துணியில் துடைத்தேன். விரல் விரலாகத் துடைத்தேன்.

"இல்லம்மா," என்றேன்.

அவள் முகம் விரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சொல்லில் நல்லது செய்துவிட்டேன் என்று சாலை நெடுகப் பெருமையாக வந்தேன்.

மூன்று மாதம் காடி ஓடியது. தேத்தண்ணிக் கடையிலிருந்து பார்ப்பேன். லெட்சுமி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு போவாள். மாரியப்பன் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி, அரசியல்வாதி மாதிரி கடைக்குக் கும்பிடு போடுவான். ஒரு நாள் நிறுத்தி, "அண்ணே, துண்டுக்கு ஓய்வு குடுத்தாச்சு," என்று கத்திவிட்டுப் போனான். முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது.

நம் நாட்டில் காடி கை மாறினாலும் எண் மாறுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிறந்த எண்ணோடுதான் அது சாகும். எனக்கும் அது தெரியும். இருபத்தாறு வருடம் எண்களையே படித்தவன். ஆனால் அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு தாய் மாதத்தில் ஒரு நாள் பீடோங் பாசாருக்குச் சாமான் வாங்க வருவாள் என்று நான் யோசிக்கவில்லை.

பிறகு நடந்தது லெட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். காய்கறி வாங்கிக்கொண்டு வந்தாளாம். ஒரு வயதான அம்மாள் காடியின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"யாரும்மா? என்னா வேணும்?"

"ஒன்னுமில்லம்மா. எம்மவன் காடி. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறேன்."

"ஓ, சிங்கப்பூர்ல இருக்காரே, அந்தப் புள்ளயோட அம்மாவா? நல்லா இருக்காரா?"

"சிங்கப்பூரா?" என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறாள். "யாரும்மா சொன்னா? இந்த சீட்டுலதான எம்புள்ள போனான்."

அன்று சாயங்காலம் கைப்பேசி அடித்தது. லெட்சுமி அழவில்லை, திட்டவும் இல்லை.

"அண்ணே, ஒன்னே ஒன்னு கேக்கறேன். அன்னிக்கி உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவள் கேட்டது ஒரு கேள்வி. நான் வேறொன்றுக்குப் பதில் சொன்னேன்.

"காடி நல்ல காடிம்மா. சட்டமெல்லாம் நேரா இருக்கு. நீ கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்."

அவள் கைப்பேசியை வைத்துவிட்டாள்.

உடனே போயிருக்க வேண்டும். நான்கு தெரு தள்ளித்தான் வீடு. போகவில்லை. இரண்டு நாளில் அவள் கோபம் ஆறட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் என்பது நான்கு நாள் ஆயிற்று, நான்கு நாள் மூன்று வாரம் ஆயிற்று. தேத்தண்ணிக் கடையை மாற்றினேன். கம்பெனி பஸ் வரும் நேரத்தில் அந்தத் தெருவில் நடக்காமல் பார்த்துக்கொண்டேன். பயந்தவன் தன் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொள்வான். நான் வைத்துக்கொண்டேன்.

அவள் காடியைக் கித்தான் போட்டு மூடிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். மாரியப்பன் மறுபடியும் மோட்டாரில், துண்டோடு. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் ஓட்டுகிறவருக்கு ஷிப்ட் மாறியது. ஒரு முறை போக முடியவில்லை. அடுத்த முறை பாதி வழியில் வெள்ளம், திரும்பிவிட்டார்கள். இரண்டு முறைதான். அவன் உடம்புக்கு அது போதுமாக இருந்தது. நுரையீரலில் நீர் ஏறி மூச்சு முட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் போய்விட்டான்.

புதுக் கடையில் ஒருவர் காபிக்குச் சீனி கேட்பதுபோல இதை எனக்குச் சொன்னார். "நம்ம மாரி போயிட்டான் தெரியுமா?" என்று. நான் கோப்பையைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வாக்கியம் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். உண்மையைச் சொன்னால் வியாபாரம் கெடும், சில நேரம் ஒரு குடும்பத்தின் கடைசி வழியும் கெடும். கூலிமில் அதைக் கண்ணால் பார்த்தேன். அதனால் உண்மை எப்போதும் நல்லது செய்யும் என்று நான் உங்களிடம் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இதைச் செய்யாதீர்கள்: கேட்பவர் எதைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்று காடியைத் தட்டிப் பார்த்த கையாலேயே ஆளையும் தட்டிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அந்த அளவுகோல் நம் பையில் இல்லை. கண்டதைக் கண்டபடி அவர் கையில் கொடுங்கள். எடுப்பதும் விடுவதும் அவர் பாடு. நான் இரக்கப்பட்டேன் என்றுதான் நினைத்தேன். இரக்கத்தில் ஒரு சிட்டிகை இளக்காரம் கலந்திருந்தது. தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண், சாவுக் காடி என்றால் ஓடிவிடுவாள் என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு போனேன். மழை விட்டிருந்தது. கித்தான் மேல் தேங்கிய நீரில் இலைகள் மிதந்தன. அடியில் காடி இருந்தது, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு. லெட்சுமி சீருடையோடு வாசலில் நின்றாள், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே," என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

என்ன சொல்வதென்று தெரியாமல் எனக்குத் தெரிந்ததையே சொன்னேன். "காடிய நான் வித்துத் தர்றேன்மா. நாளைக்கே ஆளு கூட்டிட்டு வர்றேன்."

"வர்றவங்க கேப்பாங்கல்ல?"

"என்னா?"

"உங்ககிட்ட நான் கேட்டது. கேட்டா என்னா சொல்வீங்க?"

நான் கித்தான் மேல் கிடந்த இலை ஒன்றை எடுத்துப் போட்டேன்.

"அவரு இந்தக் காடியில ஏறுறேன்னுதான் சொன்னாரு," என்றாள். "செத்த பையன் என்னாடி பண்ணப் போறான், லிப்ட் கேட்டா குடுப்போம், ஏறுன்னாரு. நான்தான் சாவியத் தொடல."

"பயமாத்தான் இருந்திருக்கும்மா. எனக்குப் புரியுது."

"இல்லண்ணே, புரியல உங்களுக்கு." அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "செத்தவனுக்கு நான் பயப்படல. அந்த அம்மா கையப் புடிச்சிக்கிட்டு நானும்தான் அழுதேன். வீட்டுக்கு வந்து காடியில உக்காந்தேன். உக்காந்தா ஒன்னுதான் தோணுது. உயிர் போவலன்னு சொன்ன அதே வாய்தானே பிரேக்கு நல்லாருக்குன்னும் சொன்னிச்சு. அவர ஏத்திக்கிட்டுப் போயி பாதி வழியில அது புடிக்கலன்னா?"

"வேற ஆள வெச்சுக் காட்டியிருக்கலாமேம்மா."

"அவரும் அதான் சொன்னாரு. அந்த ஆளும் உங்கள மாதிரி நல்லவராத்தானே இருப்பாரு?"

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். என்னைத் தாண்டி நான்கடி போய்விட்டுத் திரும்பினாள். நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

"சொல்லியிருந்தீங்கன்னா, ஒரு எலுமிச்சம்பழத்த வெட்டிப் போட்டுட்டு ஓட்டியிருப்பேண்ணே."